தொடக்கூடாத மணி

பள்ளித் தாளாளர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கிய கயிற்றை ஒரு தடவை இழுத்தார். வெளியே வராந்தாவில் ‘டங்’ என்று கணீரென ஒரு சத்தம். மறு நொடி கதவைத் திறந்துகொண்டு பியூன் வந்து நின்றார். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார்.

“டீ,” என்றார் தாளாளர்.

டீ வந்தது. ஒரே ஒரு டீ. அறையில் இருந்ததோ ஐந்து பேர். அந்தப் பள்ளியில் மரியாதையை எப்படிப் பங்கு வைக்கிறார்கள் என்று அந்த ஒரு கோப்பையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மற்ற நான்கு பேரில் ஒருவர் தலைமையாசிரியை. நிற்கும்போதுகூட இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர். அடுத்தவர் எங்களை அழைத்து வந்த அம்மா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். அவருடைய மகள், ஐந்தாம் வகுப்புக் குழந்தை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது என் சித்தி. நான்காவது நான்.

சித்தி இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க்காரர்களைப் பிடிக்கும் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் ஒரு சலவைக்கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் திறந்தவர். நான் அவருடைய அக்கா மகன். வாய் சும்மா இருக்காத காரணத்தால் எந்த வேலையிலும் நிலைக்காமல், கடைசியில் குடும்பத்துக்குள்ளேயே தள்ளிவிடப்பட்டவன். வெளி ஆட்கள் முன்னால் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதை மறப்பது என் வழக்கம்.

“விஷயம் ரொம்ப சிம்பிள்,” என்று தாளாளர் டீயை உறிஞ்சினார். “போன வாரம் அஞ்சாம் வகுப்பை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். பழைய பஸ், டிராம் எல்லாம் வச்சிருக்காங்களே, அது. என் மச்சான்தான் அதுக்கு டைரக்டர். சொந்தக்காரன்னு உள்ளே விட்டான். இந்தப் பொண்ணு அங்கே இருந்த பஸ் மணியைத் தூக்கிட்டு வந்துடுச்சு. என் வீட்டுக்காரி முகத்துல எப்படி முழிப்பேன் நான்?”

“தூக்கினதை யாராவது பார்த்தாங்களா?” என்றார் சித்தி.

“பார்க்கணுமா? அவளே ஒத்துக்கிட்டா,” என்றார் தலைமையாசிரியை. “மியூசியத்துல இருந்து போன் வந்ததும் வகுப்பை வரிசையா நிக்க வச்சேன். ‘பஸ் மணியை யாரு தொட்டது?’ன்னு ஒரே ஒரு கேள்வி. இவ கையைத் தூக்கினா. மத்தது அத்தனையும் தங்கம். என் பிள்ளைங்க வெளியில போனா எதையும் தொட மாட்டாங்க. கையைப் பின்னால கட்டிட்டுத்தான் நடப்பாங்க.”

“கைதிங்க மாதிரியா மேடம்?” என்று கேட்டேன். சித்தி என் காலை மிதித்தார்.

“மணி எங்கேன்னு சொன்னாளா?”

“அதான் திமிர். தெரியாதுங்கறா. கேட்டா அழறா.”

“வீடு பூராத் தேடிட்டேன் சார்,” என்றார் அந்த அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பை, அலமாரி, கட்டிலுக்கு அடியில எல்லாம் பார்த்தாச்சு. எம் பொண்ணு அடுத்தவங்க பென்சிலைக்கூடத் தொடாது சார்.”

“நாளைக்குக் காலையில அசெம்பிளியில பேரைச் சொல்லி டி.சி. கொடுக்கப் போறேன்,” என்றார் தாளாளர். “ காரணம், திருட்டு. அதை அதுலேயே எழுதுவேன்.”

“திருட்டுன்னு எழுதின டி.சி.யை வச்சுக்கிட்டு நான் எந்தப் பள்ளிக்கூடத்துப் படியேற முடியும் சார்?”

“அது என் கவலை இல்லைம்மா. சாயங்காலம் பள்ளி விடுற வரைக்கும் டைம் தர்றேன். மணி என் டேபிளுக்கு வந்துட்டா, காரணத்தை வேணா மாத்தி எழுதறேன்.”

சொல்லிவிட்டுக் கயிற்றை இரண்டு தடவை இழுத்தார். டங், டங். பியூன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார். ஒரு அடி என்றால் பியூன் உள்ளே, இரண்டு அடி என்றால் வந்தவர்கள் வெளியே. வாயைத் திறந்து ‘போயிட்டு வாங்க’ என்று சொல்வதுகூட அந்தப் பெரிய மனிதருக்குச் சிரமம்.

வெளியே வந்து பார்த்தால், பியூனின் முக்காலிக்கு நேர் மேலே சுவரில் அந்த மணி. பளபளவென்று மின்னியது. தலைக்கு மேலேயே இப்படிக் கத்தினால் பஞ்சு வைக்காமல் என்ன செய்வார் பாவம்.

பெஞ்சில் குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காவலுக்கு வகுப்பு ஆசிரியை, சின்ன வயசுப் பெண். குழந்தையைவிட அவர்தான் அதிகம் பயந்தவராகத் தெரிந்தார்.

சித்தி குனிந்தார். “பாப்பா, மணியைத் தொட்டியா?”

“தொட்டேன் ஆன்ட்டி.” கண்ணில் தண்ணீர் முட்டியது. “அதைச் சரி பண்ண முடியாதா?”

“யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க,” என்று ஆசிரியை அவசரமாக இடையில் புகுந்தார். எதற்கோ அவர் காது சிவந்திருந்தது.

அந்த அம்மாவை மகளோடு விட்டுவிட்டு நாங்கள் மியூசியத்துக்குப் பஸ் ஏறினோம். ஜன்னலோர இடத்தை வழக்கம்போலச் சித்தி பிடித்துக்கொண்டார்.

“கேஸ் முடிஞ்சுது சித்தி. குற்றவாளியே ஒத்துக்கிட்டா. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.”

“நீ எங்கேயாவது எதையாவது திருடி மாட்டியிருக்கியா?”

“மாட்டினதில்லை.”

“மாட்டினா என்ன சொல்லுவே?”

“நான் எடுக்கலைம்பேன். அடி விழுந்தா, திருப்பிக் கொடுத்துடறேன்னு சொல்லுவேன்.”

“அந்தக் குழந்தை ரெண்டையும் சொல்லலை. ‘சரி பண்ண முடியாதா’ன்னு கேட்டா. திருடினவ எதுக்குடா சரி பண்ணணும்?”

பதில் தெரியாதபோது ஜன்னல் வழியாகப் பார்ப்பது நல்லது. ஆனால் ஜன்னல் சித்தியிடம் இருந்தது.

மியூசியம் என்பது ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே வண்டிகளைவிட போர்டுகள் அதிகம். ‘தொடாதீர்கள்.’ ‘சாயாதீர்கள்.’ ‘ஏறலாம், அமராதீர்கள்.’ குப்பைத்தொட்டி மேலேகூட ‘தொடாதீர்கள்’ என்று இருந்தது. கையில் இருந்த காகிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தாளாளரின் மச்சான், அதாவது டைரக்டர், எங்களை வரவேற்ற முதல் வார்த்தையே, “அந்தக் கம்பியில கை வைக்காதீங்க,” என்பதுதான். இஸ்திரி போட்ட மனிதர். சட்டையைச் சொல்லவில்லை, ஆளையே யாரோ இஸ்திரி போட்டு அனுப்பியதுபோல இருந்தார்.

“இதுதான் நம்ம ராணி,” என்று ஒரு பழைய பஸ்ஸின் முன்னால் நின்றார். சிவப்பு பஸ். மர இருக்கைகள். டிரைவருக்குத் தனி அறை. அதற்கும் பயணிகளுக்கும் நடுவே மரத் தடுப்பு. கூரையோடு ஒரு கயிறு பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம்வரை ஓடி, தடுப்பில் உள்ள ஓட்டை வழியாக டிரைவர் அறைக்குள் நுழைந்தது.

“கண்டக்டர் இந்தக் கயிற்றை இழுப்பார். டிரைவர் தலைக்கு மேல மணி அடிக்கும். ஒரு அடின்னா நிறுத்து, ரெண்டு அடின்னா போகலாம். அந்த மணிதான் போச்சு. இந்தப் பஸ்ஸைக் கொடுத்த முதலாளியோட பொண்ணு, பிள்ளைங்க வந்துட்டுப் போன மறுநாள் வந்தாங்க. அப்பா உட்கார்ந்து ஓட்டின இடத்துல உட்காரணும்னு டிரைவர் சீட்டுல ஏறினாங்க. மேலே பார்த்தா மணி இல்லை. ஒரே அழுகை. போலீஸுக்குப் போவேங்கறாங்க.”

“அதுக்கு முன்னால மணி இல்லைங்கறது உங்களுக்குத் தெரியாதா?”

“எப்படிங்க தெரியும்? பயணிங்க பக்கத்துல இருந்து பார்த்தா கயிறு மட்டும்தானே தெரியும். டிரைவர் அறைக்குள்ள யாரையும் விடறதில்லை. பிள்ளைங்க வரிசையில யாரோ நைசா வெளிக் கதவைத் திறந்து ஏறியிருக்கணும்.”

சித்தி அந்த வெளிக் கதவைத் திறந்து டிரைவர் இருக்கையில் ஏறப் போனார். படி அவருடைய இடுப்பு உயரம் இருந்தது. நான் பின்னாலிருந்து தள்ளினேன். வாழ்க்கையில் நான் சித்திக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

“திருகாணி போட்டு முடுக்கியிருந்திருக்கு,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “அஞ்சாம் வகுப்புக் குழந்தை ஸ்பேனரோட டூர் வந்துச்சா சார்?”

“இந்தக் காலத்துப் பிள்ளைங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது.”

“அதோட ரொம்ப நாகரிகமான குழந்தை. மணியைக் கழற்றினதும் கயிறு தொய்ஞ்சு கீழே விழுந்திருக்கணும். அந்தப் பக்கம் தொங்காம இருக்க, இங்கே ஒரு கொக்கியில இழுத்து முடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு.”

டைரக்டர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். “பயத்துல செஞ்சிருக்கும்.”

“டேய், இங்கே வா. இதை வரைஞ்சு எடு.”

எட்டிப் பார்த்தேன். டிரைவர் தலைக்கு மேலே சுவரில் சிவப்பு பெயின்ட். நடுவில் மட்டும் பச்சையாக ஒரு திட்டு. மியூசியத்தில் பெயின்ட் அடித்தவர்கள் மணியைக் கழற்றச் சோம்பல்பட்டு அதைச் சுற்றி அடித்திருக்கிறார்கள். அதனால் மணியின் அடித்தகடு இருந்த இடம் அப்படியே பழைய பச்சையில் நின்றது. திருகாணி போட மூன்று காது வைத்த தகடு. அதில் ஒரு காது பாதி உடைந்தது. நுழைவுச் சீட்டை அதன்மேல் வைத்து பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தேன்.

“பிள்ளைங்க வந்த அன்னைக்கு நீங்க எங்கே இருந்தீங்க?” என்று சித்தி இறங்கிக்கொண்டே கேட்டார்.

“அதோ, என் ரூம்ல. எனக்கே ஆச்சரியம் மேடம். ஒரு வகுப்பே வந்திருக்கு, ஒரு சத்தம் இல்லை. மச்சான் ஸ்கூல் ஒழுக்கம்னா ஒழுக்கம்தான்.”

“மணி அடிச்சா உங்க ரூமுக்குக் கேக்குமா?”

“கேக்குமாவா? தெருவுக்கே கேக்கும். அந்த மணிக்குப் பெருமையே அதானே.”

சித்தி தலையை ஆட்டினார். “உங்க மச்சான் இந்த ராணியைப் பார்த்திருக்காரா?”

“அவர் எங்கே வர்றார்? தகரக் கொட்டகை, வெயில் ஆகாதும்பார்.”

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் பயணிகள் பக்கம் ஏறி நடந்தேன். தலைக்கு மேலே அந்தக் கயிறு. பக்கத்திலேயே ஒரு போர்டு: ‘கயிற்றைத் தொடாதீர்கள்.’ மணி இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை என் கையாலேயே படி எடுத்திருக்கிறேன். இருந்தாலும் என் கை தானாக மேலே போனது. இழுத்தேன். கயிறு லேசாகக் கொடுத்தது. சத்தம் எதுவும் வரவில்லை. ஏதோ நானே கெடுத்துவிட்டதுபோல ஒரு கணம் பகீரென்றது.

“ஹலோ! போர்டு கண்ணுக்குத் தெரியலையா?” என்று டைரக்டர் பாய்ந்து வந்தார்.

சித்தி அவரைக் கவனிக்கவில்லை. என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அவர் சிரித்தால் எனக்கு ஏதோ கேடு வரப்போகிறது என்று அர்த்தம்.

“உனக்கு என்ன வயசுடா?”

“முப்பது தாண்டிடுச்சு.”

“முப்பது தாண்டினவனாலேயே சும்மா இருக்க முடியலை. வா, ஸ்கூலுக்குப் போகலாம்.”

ஐந்தாம் வகுப்பு அறைக்குள் நுழைந்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே குரலில் வணக்கம் சொல்லி, ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு பையன் சட்டையில் ‘ஒழுக்கம்’ என்று பேட்ஜ் குத்தியிருந்தான். தலைமையாசிரியை வாசலிலேயே நின்றுகொண்டார். குற்றவாளியான பெண் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலி.

“மியூசியம் பஸ்ல கயிற்றை யாராவது இழுத்தீங்களா?” என்று சித்தி கேட்டார்.

ஒரு கைகூட எழவில்லை. கடைசி பெஞ்சில் மட்டும் அந்தப் பெண் பாதி தூக்கிவிட்டு இறக்கினாள்.

“நான்தான் சொன்னேனே,” என்றார் தலைமையாசிரியை பெருமையோடு.

“சரி. இந்த அங்கிளைப் பாருங்க.” சித்தி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “இன்னைக்கு மியூசியத்துல இவர் அந்தக் கயிற்றை இழுத்துட்டார். சத்தம் வரலை. மணியை இவர்தான் உடைச்சுட்டார்னு டைரக்டர் சொல்றார். சாயங்காலம் போலீஸ் வருமாம்.”

அங்கிள் என்றதே எனக்கு வலித்தது. அந்த வலியை முகத்தில் காட்டினேன், போலீஸுக்குப் பயந்த முகம் தானாக அமைந்துவிட்டது.

“தெரியாம இழுத்துட்டேன் கண்ணுங்களா,” என்றேன். “இழுத்தா அடிக்கும்னு நினைச்சேன். எனக்கும் வீட்டுல அம்மா இருக்காங்க.”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு பேட்ஜ் பையன் மெதுவாக எழுந்தான்.

“அங்கிள் உடைக்கலை ஆன்ட்டி. அது ஏற்கெனவே உடைஞ்சிருந்தது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

பையன் வாசலைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “நான்தான் உடைச்சேன்.”

“இல்லை ஆன்ட்டி, நான்,” என்றாள் அவன் பின்னால் ஒருத்தி. “நான் ரொம்ப வேகமா இழுத்துட்டேன்.”

“நான் தொங்கினேன் ஆன்ட்டி. அதுலதான் உடைஞ்சுது.”

“இவன் என்னைத் தூக்கிவிட்டான், நான் இழுத்தேன்!”

அப்புறம் யார் என்ன சொல்கிறார்கள் என்றே கேட்கவில்லை. வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று, மணியை உடைத்தது தான்தான் என்று ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டது. இத்தனை நாள் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைக்க இடம் கிடைத்துவிட்டது. சில பிள்ளைகள் அழுதன. பேட்ஜ் பையன் ஓவென்று அழுதான்.

தலைமையாசிரியை முதன்முறையாகக் கையைப் பின்னாலிருந்து எடுத்துக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“பஸ்ஸில முதல்ல ஏறினது யாருப்பா?” என்று சித்தி பேட்ஜ் பையனைக் கேட்டார்.

“நான்தான். லீடர்தான் முதல்ல போகணும்.”

“நீ இழுத்தப்ப?”

“சத்தமே வரலை.”

“அப்போ ஏன் அன்னைக்கே சொல்லலை? அவ ஒருத்தி தனியா அழறாளே?”

“சொன்னா பேட்ஜைப் பிடுங்கிடுவாங்க ஆன்ட்டி.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பையன் காரணமில்லை. ஒரு வகுப்பையே பொய் சொல்லப் பழக்கி, அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்து, சட்டையிலும் குத்திவிட்டிருந்தார்கள். அத்தனை பேரில் ஒரே ஒரு குழந்தைக்கு உண்மை சொல்லத் தெரிந்திருந்தது. அவளைத்தான் வெளியே அனுப்பப் பார்த்தார்கள்.

அப்போது மூலையில் நின்ற வகுப்பு ஆசிரியை மெல்லக் கையைத் தூக்கினார். காது மறுபடியும் சிவந்திருந்தது.

“மேடம், நானும் ஒரு தடவை இழுத்தேன்.”

பள்ளி விடும் நேரம் நெருங்கியபோது தாளாளர் அறையில் கூட்டம் கூடியது. டைரக்டரும் வந்திருந்தார். பெண்ணுக்கு டி.சி. எழுதுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். அந்த அம்மா மகளை இழுத்து அணைத்தபடி நின்றார். சித்தி நடந்ததைச் சொன்னார்.

“ஆக, முதல் பிள்ளை ஏறி இழுத்தப்பவே மணி அங்கே இல்லை. டைரக்டர் சாரே சொல்லிட்டார், மணி அடிச்சா தெருவுக்கே கேக்குமாம். ஒரு வகுப்பு மொத்தமும் இழுத்திருக்கு, பக்கத்து ரூம்ல இருந்த அவருக்கு ஒரு சத்தம் கேக்கலை. பிள்ளைங்க நல்ல பிள்ளைங்கன்னு அவர் நினைச்சுக்கிட்டார். மணி இல்லாத பஸ்ஸில நல்ல பிள்ளை என்ன, கெட்ட பிள்ளை என்ன?”

“அப்படின்னா எங்க வாட்ச்மேன் எடுத்திருப்பான்,” என்றார் டைரக்டர் உடனே. “எனக்கு அவன் மேல முன்னாடியே சந்தேகம்.”

குழந்தை தப்பித்த மறு நொடியே அவருக்கு வாட்ச்மேன் கிடைத்துவிட்டான். அவனும் தப்பித்தால் குப்பைத்தொட்டியைச் சொல்வார்.

“ஆனாலும் தொட்டது தப்புதானே?” என்று தலைமையாசிரியை இழுத்தார். “போர்டு இருந்துச்சே. சின்னதா ஒரு தண்டனை…”

“கொடுங்க. வகுப்பு பூராவுக்கும் கொடுங்க. டீச்சரையும் சேர்த்துக்குங்க. எங்க ஆளையும் வேணா எடுத்துக்குங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை,” என்றார் சித்தி.

“சித்தி!” என்றேன்.

தாளாளருக்குப் பொறுமை போய்விட்டது. “போதும்மா. பொண்ணு திருடலை, சரி. டி.சி. இல்லை. கிளம்புங்க. மணி எங்கேங்கறது என் மச்சான் தலைவலி.” கயிற்றைப் பிடித்து இரண்டு தடவை இழுத்தார்.

டங், டங்.

பியூன் கதவைத் திறந்தார். சித்தி நகரவில்லை.

“நல்ல சத்தம்,” என்றார். “தெருவுக்கே கேக்கும் போலிருக்கே. எப்போ வாங்கினது சார்?”

“வாங்கலை. போன மாசம் என் பிறந்தநாளுக்கு மச்சான் கொடுத்தது. பழைய இரும்புக் கடையில கிடைச்சுதாம்.”

“ஒரு அடின்னா வா, ரெண்டு அடின்னா போன்னு யாரு சொல்லிக் கொடுத்தது? இரும்புக் கடைக்காரரா?”

“இவன்தான் சொன்னான். ஒரு அடின்னா நிறுத்து, ரெண்டு அடின்னா…” தாளாளரின் வாய் திறந்தபடியே நின்றது.

டைரக்டர் கதவைப் பார்த்தார். கதவில் பியூன் நின்றார்.

“டேய், முக்காலி மேல ஏறு,” என்றார் சித்தி.

வராந்தாவில் முக்காலி மேல் ஏறி, நுழைவுச் சீட்டில் எடுத்திருந்த படியை மணியின் அடித்தகட்டோடு வைத்தேன். மூன்று காது. அதில் ஒன்று பாதி உடைந்தது. ஓரத்துக்கு ஓரம் அப்படியே பொருந்தியது. பியூன் தினமும் துடைத்துத் துடைத்து மினுக்கியிருந்தாலும், தகட்டின் இடுக்கில் மட்டும் சிவப்பு பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது.

“பொருந்துது சித்தி. ராணியோட மணியேதான்.”

“மேடம்னு கூப்பிடு,” என்றார் சித்தி. ஆனால் கோபமில்லை.

நான் இறங்கி அறைக்குள் வந்தபோது டைரக்டர் முகம் கசங்கிப்போயிருந்தது. இஸ்திரியெல்லாம் போய்விட்டது.

“மச்சான், உங்களுக்கு நல்லதா ஏதாவது கொடுக்கணும்னு அக்கா நச்சரிச்சா… டிரைவர் அறைக்குள்ளே யாரும் ஏறப்போறதில்லை. கயிற்றை இழுத்தாதானே மணி இல்லைன்னு தெரியும்? அதான் போர்டு வச்சிருந்தேனே! தொடாதீங்கன்னு அத்தனை பெரிசா போர்டு வச்சிருந்தேனே!”

போர்டு வைத்தால் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று உலகத்தில் நம்பியவர் அவர் ஒருவர்தான். அந்த நம்பிக்கையில் ஒரு திருட்டையே செய்திருக்கிறார். மாட்டியதும் பக்கத்தில் இருந்த குழந்தையைப் பிடித்து முன்னால் நிறுத்தியிருக்கிறார். தாளாளரோ, திருட்டு மணியை அடித்து அடித்து டீ குடித்துக்கொண்டே அந்தக் குழந்தைக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

“இதை நமக்குள்ளேயே முடிச்சுக்கலாம்,” என்றார் தாளாளர். குரல் பாதியாகக் குறைந்திருந்தது. “குடும்ப விஷயம்.”

“இன்னைக்குக் காலையில இது குடும்ப விஷயமா இல்லையே சார்,” என்றார் குழந்தையின் அம்மா. அதுவரை அழுத குரல் இப்போது நிமிர்ந்திருந்தது. “எம் பொண்ணு பேரை அசெம்பிளியில சொல்லத்தானே இருந்தீங்க? சொல்லுங்க. நாளைக்கு அதே அசெம்பிளியில, அதே மைக்குல சொல்லுங்க. இவ திருடலை, உண்மையைச் சொன்னது இவ ஒருத்திதான்னு சொல்லுங்க.”

“பஸ்ஸைக் கொடுத்த அம்மாவுக்கு இங்கே வர்றதுக்கு முன்னாடியே நான் போன் பண்ணிட்டேன்,” என்றார் சித்தி. “அவங்க மணியை வாங்கிக்க அசெம்பிளிக்கே வர்றாங்க. அவங்க வர்ற நேரத்துல நீங்க என்ன பேசறீங்கன்னு அவங்களும் கேக்கட்டும். அப்புறம் போலீஸா, என்னன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க.”

குழந்தை அம்மாவின் பிடியிலிருந்து விலகி சித்தியின் பக்கத்தில் வந்தாள்.

“அப்போ நான் உடைக்கலையா ஆன்ட்டி?”

இவ்வளவு நடந்த பிறகும் அவளுக்கு அது ஒன்றுதான் கவலை. திருட்டு, டி.சி., அசெம்பிளி எதுவும் அவள் மனசில் ஏறவே இல்லை. ஒரு நல்ல மணியைத் தான் உடைத்துவிட்டோம் என்றுதான் ஒரு வாரமாக அழுதிருக்கிறாள்.

“நீயே இழுத்துப் பாரு,” என்றார் சித்தி. தாளாளர் நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கிய கயிற்றைக் காட்டினார்.

குழந்தையின் கைகள் தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. தலைமையாசிரியையைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார். குழந்தை கையை முன்னால் எடுத்து, எட்டி, கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

டங்.

அவள் முகத்தில் முதலில் நம்பிக்கை வரவில்லை. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவை இழுத்தாள்.

டங்.

பியூன் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, டைரக்டரைப் பார்த்தார், தலைமையாசிரியையைப் பார்த்தார், கடைசியில் நாற்காலியில் இருந்த தாளாளரையும் பார்த்தார்.

“ரெண்டு அடிச்சாச்சு சார்,” என்றார்.

தாளாளர் எழுந்து நின்றார்.